கிறிஸ்து பிறப்பு விழாவில் தம்பதியர்க்கு ஓர் அமைதியிடம்

கிறிஸ்து பிறப்பு விழா அணுகுங்கால் நம் இல்லங்கள் எய்தும் பரபரப்பை அறியாதார் இலர். திருவருகைக் காலம் தொடங்கிய நாள்தொட்டே வீட்டிற்கு வெள்ளையடித்தலும், வாயிலில் விண்மீன் விளக்குத் தூக்குதலும், முறுக்கும் அதிரசமும் சுடுதலும், தையற்காரர் கடைவாயிலிற் காத்துக் கிடத்தலும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். பாடற்குழுவினர் நள்ளிரவிற் கீதம் பாடி வந்தால் அவர்க்குத் தேநீர் கொடுத்தல் வேண்டும். விழா நாளிலோ விடியற்கால ஆராதனை, உறவினர் வரவு, அண்டை வீட்டார்க்குப் பலகாரத் தட்டு, மாலையில் ஞாயிறு பள்ளிச் சிறுவரின் நிகழ்ச்சி என்று பொழுது கழியும். இவை யாவும் நல்லனவே. இவற்றை வேண்டாவென்று கூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் பூமியிலே சமாதானம் உண்டாக என்று வானோர் வாழ்த்திய அந்நாளிலே, ஓர் இல்லத்தின் தலைவனும் தலைவியும் அமர்ந்து பத்துச் சொற் பேசிக்கொள்ளவும் இயலாமற் போவது எண்ணத்தக்கதொன்றாம்.

மணமாகாத மாணாக்கராகிய எமக்கு இப்பொருள்பற்றி எழுதத் தகுதி யாது என்று வினவுவார் உளராயின், அவர்க்கு யாம் கூறுவது இதுவே. எம் தந்தையார் ஓர் ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் திருச்சபையின் பாடற்குழுவை நடத்தி வருபவர். ஈராண்டிற்கு முந்திய கிறிஸ்துமஸ் அன்று பிற்பகலில் விருந்தினர் சென்றபின், அன்னையார் அடுக்களைச் சுவரிற் சாய்ந்தபடியே உறங்கிவிட்டார். தந்தையார் மாலை நிகழ்ச்சிக்குரிய ஆர்மோனியத்தைச் சுமந்துகொண்டு, அவரை எழுப்பாமற் படியிறங்கிச் சென்றார். அவ்விருவரும் அன்று ஒருவரோடொருவர் பேசியதை யாம் கேட்கவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் அவ்விரவே ஒரு முடிவு செய்தோம். அடுத்த ஆண்டு இவர்களை இரண்டு மூன்று நாட்கள் எங்கேனும் அமைதியானதோர் இடத்திற்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. எங்கே அனுப்புவது என்று ஆராய்ந்ததிற் கிடைத்த செய்திகளையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம். மாணாக்கர்க்குத் தம் பெற்றோர் பொருட்டும், ஆசிரியர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் தம் பொருட்டும் இது பயன்படக்கூடும்.

செல்லுதல் தகுமோ?

இடத்தைத் தெரிதற்குமுன் தீர்க்கவேண்டிய ஐயம் ஒன்றுண்டு. எங்கள் கருத்தை வெளியிட்டவுடன் திருச்சபைப் பெரியவர் ஒருவர், "விழா நாளில் ஊரை விட்டுப் போவது என்ன வழக்கம்?" என்றார். எம் பாட்டியாரோ, "நாலு பேர் வரும் நாளில் வீட்டைப் பூட்டுவதா?" என்று வருந்தினார். இரண்டும் தள்ளத்தக்க சொற்கள் அல்ல. கிறிஸ்து பிறப்பு விழா தனியொருவர் விழா அன்று; சபை கூடிக் கொண்டாடுவது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு அன்று நம் வீட்டிற் கிடைக்கும் ஒரு தட்டுச் சோறு அவ்விழாவின் உறுப்பேயாகும்.

எனினும், திரளான மக்கள் வருவதும் போவதுமாயிருந்து உண்ணவும் பொழுதில்லாத வேளையில், தம் சீடரைத் தனியிடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவரே என்பதை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திற் காண்கின்றோம். ஊழியம் செய்தவர்க்கே அவ்வோய்வு அளிக்கப்பட்டது என்பதை நோக்குக. அன்றியும் முதற் கிறிஸ்துமஸ் நாளில் யோசேப்பும் மரியாளும் இருந்தது தம் ஊரில் அன்று, வழிப்பயணத்திலேதான்.

ஆதலின், செல்லுதல் தகும். ஆயின் மூன்று வரம்புகள் வேண்டும். முதலாவது, வீட்டில் நோயாளியோ, தனியே விடத்தகாத முதியவரோ இருப்பின், அவரைப் பேணுவதற்கு ஆள் அமைத்த பின்னரே புறப்படல் வேண்டும். இரண்டாவது, கடன் வாங்கிச் செல்லுதல் கூடாது. மூன்றாவது, உறவினரோடு உண்டான பிணக்கிற்கு அஞ்சி ஓடுதற்கு இதனை வழியாகக் கொள்ளலாகாது. தீர்க்கப்படாத பிணக்கு மலையுச்சிக்கும் உடன் வரும். புதுமணத் தம்பதியர் தலைக் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டிற்குச் செல்லுதல் நம்மவரிற் பலரிடையே வழக்கமாதலின், அவர்கள் அதனை முடித்துக்கொண்டு பின்னர்ச் செல்லுதலே இருவீட்டார்க்கும் மகிழ்ச்சி தரும்.

இடந் தெரியும் முறை

யாம் திருச்சிராப்பள்ளியை நடுவாக வைத்து ஆராய்ந்தோம். பிற ஊரினர் தத்தம் ஊரை நடுவாகக் கொள்க. முதலில் நோக்கவேண்டியது தொலைவு. மூன்று நாள் ஓய்வில் ஒன்றரை நாள் வழியிலே கழியுமாயின் அஃது ஓய்வாகாது. ஆதலின் மோட்டார் வண்டியில் நான்கு அல்லது ஐந்து மணிநேரத்தில் எய்தக்கூடிய, 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட இடங்களையே கொண்டோம். இரண்டாவது, கூட்டம். டிசம்பர் இறுதியிற் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறையாதலால், பெயர்பெற்ற இடங்கள் யாவும் சந்தைக்கடை போலாகும். மூன்றாவது, நடந்து செல்லும் தொலைவிலேனும் சிறிது வண்டியிற் செல்லும் தொலைவிலேனும் ஓர் ஆலயம் இருத்தல். நான்காவது, பருவநிலை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிற் பெய்வது; கடற்கரைக்குச் செல்வோர் அதனையும், மலைக்குச் செல்வோர் பனியையும் குளிரையும் எண்ணுதல் வேண்டும். ஐந்தாவது, செல்வோரின் உடல்நிலை. இவ்வைந்தையும் உரைகல்லாகக் கொண்டு நான்கு இடங்களை ஆராய்வோம்.

கோடைக்கானல்

மலை என்றவுடன் யாவர் நாவிலும் முதலில் வருவது கோடைக்கானலே. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். உயரம் 2,100 மீட்டர் அளவு. இவ்வூர் தோன்றிய வரலாறே நம் பொருளோடு தொடர்புடையது. 1834ஆம் ஆண்டில் மதுரையிற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் சில ஆண்டுகளுக்குள்ளாகவே காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் தம்மவர் பலரை இழந்தனர். முதலிற் சிறுமலையில் இல்லங்கள் அமைத்துப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1845ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். அதுவே அவ்வூரின் தொடக்கம். இன்று நாம் காணும் ஏரி 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்னும் அதிகாரியால் அமைக்கப்பட்டது. உயிர் பிழைத்தற்கென்று மக்கள் நாடிய அமைதியிடம் அது.

ஆயினும் இக்காலத்து டிசம்பர் இறுதியில் அவ்வமைதியை ஏரிக்கரையிற் காண்டல் அரிது. வண்டிகள் வரிசையாக நிற்க, மலைவழியிலேயே பல மணிநேரம் கழிவதுண்டு. நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் முறை, உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியை அறிந்துகொள்க. இரவுக் குளிர் கடுமையாதலின், மூச்சுத் தொல்லையும் நெஞ்சு நோயும் உடையார் மருத்துவரைக் கேளாமற் செல்லலாகாது. கோடைக்கானலே வேண்டுமென்பார் டிசம்பர் முதல் இரு வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரையுள்ள நாட்களிற் செல்லுக. விழா அன்று வீட்டிலும், விழாவிற்கு ஆயத்தமாகும் அமைதி மலையிலும் கிடைக்கும்.

ஏற்காடு

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் அளவில், சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல், சேலம் வழியாக 170 கிலோமீட்டர். மலைவழியில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கோடைக்கானல் போன்ற கடுங்குளிர் இல்லையாதலின் முதியோர்க்கு இது நன்று. ஆங்கிலேயர் காலத்து ஆலயங்களும், துறவியர் நடத்தும் பழைய பள்ளிகளும் இங்கு உள. இங்கும் ஏரியைச் சூழ்ந்த பகுதியிற் கூட்டம் மிகும். ஆனால் ஊரிலிருந்து சிறிது விலகிக் காப்பித் தோட்டங்களுக்கிடையே உள்ள விடுதிகளிற் பறவையொலியன்றிப் பிறிதொலி கேளாது. டிசம்பர் மாதம் காப்பிப் பழம் பறிக்கும் காலம். செந்நிறப் பழங்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் செடிகளினூடே காலையில் இருவர் நடந்து வருதல் பெரும் பொருட்செலவில்லாத இன்பமாம். தோட்டங்கள் பிறர் உடைமை. கேட்டு நுழைதலும், பழத்தைப் பறியாதிருத்தலும் நாகரிகம்.

கொல்லிமலை

தமிழ் மாணாக்கர்க்குக் கொல்லி என்றவுடன் நினைவிற்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் வழியாக 130 கிலோமீட்டர் அளவில் இம்மலையை அடையலாம். காரவள்ளியிலிருந்து ஏறும் வழியில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டென்பதே, இவ்விடத்திற் கூட்டம் குறைந்திருத்தற்கு ஒரு காரணம் எனலாம். மிளகும் காப்பியும் பலாவும் நிறைந்த இம்மலையில் உயர்தர விடுதிகள் மிகுதியாக இல்லை; எளிமையை விரும்புவார்க்கே இஃது ஏற்றது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறவேண்டுமாதலின், முழங்கால் நோயுடையார் மேலிருந்து காண்பதோடு அமைக.

கிறிஸ்தவராகிய நமக்கு இம்மலை மற்றொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. ஜெசி பிராண்டு என்பாரும் அவர் மனைவி எவலின் அம்மையாரும் 1913ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டு, இம்மலைமேல் வாழ்ந்து, நோயாளர்க்கு மருந்தளித்தும் பள்ளி நடத்தியும் ஊழியம் செய்தனர். 1929ஆம் ஆண்டிற் கணவர் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். அம்மையார் பிற்காலத்தில் மிஷன் பணியினின்று ஓய்வுபெறும் அகவையை எய்தியபோது தாய்நாடு திரும்பாமல், மீண்டும் இம்மலைக்கே வந்து ஊர்ஊராகச் சென்று தொண்டாற்றினார். 1974ஆம் ஆண்டில், தொண்ணூறு கடந்த முதுமையில் அவர் காலமானபோது, உடல் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. தொழுநோயாளரின் கைகளை அறுவை மருத்துவத்தாற் சீர்ப்படுத்திப் புகழ்பெற்ற வேலூர் மருத்துவர் பால் பிராண்டு இவர்களின் மைந்தரே. பதினாறு ஆண்டு இல்லறத்தின் நினைவைக் கொண்டு நாற்பத்தைந்து ஆண்டு தனித்து உழைத்த ஒருவர் உறங்கும் மலையில் இரண்டு நாள் தங்குவோர், தம் இல்லறத்தைப்பற்றியும் சிறிது எண்ணாமல் இறங்குதல் அரிது.

தரங்கம்பாடி

இனிக் கடற்கரை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மலைவழி இல்லை, வழிநெடுகக் காவிரிப் பாசன வயல்கள். கல்வெட்டிற் சடங்கன்பாடி என்று வழங்கிய இவ்வூரில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலும், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் 1620ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கோட்டையும் அலைகளை நோக்கி அருகருகே நிற்கின்றன. டேனியர் 1845ஆம் ஆண்டில் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றபின் வாணிகம் குன்றியது. அக்குறைவே இன்று அமைதியாக நமக்குப் பயன்படுகின்றது.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளுச்சௌ ஐயரும் கரையிறங்கியது இவ்வூரிலேதான். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சேறி முடிந்ததும் இவ்வூரிலேதான். 1718ஆம் ஆண்டிற் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் தமிழ் ஆராதனை நடைபெறுகின்றது. அவ்வாலயத்தைக் கட்டி முடித்த சில திங்களில், 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 37 வயது நிரம்பாமலே சீகன்பால்கு ஐயர் மறைந்தார். அவர் உடல் அவ்வாலயத்துள்ளே அடங்கியுள்ளது. கிறிஸ்து பிறப்பு ஆராதனையை அங்குக் காண்பது தமிழ்க் கிறிஸ்தவர் எவர்க்கும் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கவேண்டியதாம்.

பழைய வீடுகள் சில செப்பனிடப்பட்டு விடுதிகளாக விளங்குகின்றன. அறைகள் சிலவே ஆதலின் இரண்டு மூன்று திங்கள் முன்னரே எழுதி உறுதி செய்தல் வேண்டும். சத்திரத்தில் இடமில்லை என்ற விடையை விழா நாளிற் கேட்டு நிற்றல் வேதாகமத்திற்கு ஒத்ததாயினும், தம்பதியர்க்கு உவப்பானதன்று! டிசம்பரில் மழை பெய்தலும், வங்கக் கடலிற் புயல் தோன்றுதலும் உண்டாதலின், புறப்படுமுன் வானிலை அறிக்கையைக் கேட்டல் தவறாத கடமை.

இங்கு மற்றொரு செய்தியையும் கூறல் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகிய டிசம்பர் 26, இக்கரையோரத்தார்க்குத் துக்க நாள். 2004ஆம் ஆண்டு அந்நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலையில், அப்போது இவ்வூரை உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீனவர் குடும்பங்கள் அன்று கடலில் மலர் தூவிப் பாலூற்றி அழுவர். விழாவை நாடி வந்த நாம் அவ்வேளையில் அலைகளில் ஆடுதலும், பாட்டுப் பெட்டி முழக்குதலும், அழுவாரைப் படம் பிடித்தலும் தகா. அவர்களோடு சற்றே மௌனமாக நின்று திரும்புதலும் விழாவின் ஒரு பகுதியே ஆகும்.

வழிப்பயணம் பற்றிச் சில குறிப்புகள்

எவ்விடமாயினும் காலை ஆறு மணிக்குள் புறப்படல் நன்று. மலைவழியைப் பிற்பகல் மூன்று மணிக்குமுன் ஏறி முடித்தல் வேண்டும். மாலையில் மூடுபனி இறங்கினால் வளைவு தெரியாது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் முறை. இறங்கும்போது நிறுத்துக்கருவியையே நம்பாமற் கீழ்ப்பற்சக்கரத்தில் மெல்ல இறங்குதல் வேண்டும். இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். வளைவிற் குமட்டல் உண்டாவோர் வயிறு நிறைய உண்ணாமலும், வெறும் வயிற்றோடும் செல்லாமலும் இரண்டு இட்டிலியோடு அமைக. வாடகை வண்டியாயின் ஓட்டுநர்க்கும் அது கிறிஸ்துமஸ் காலமே. அவர் உணவிற்கும் உறக்கத்திற்கும் இடம் அமைத்தல் நம் பொறுப்பு. இறுதியாக, தொலைபேசி. அமைதியை நாடி 160 கிலோமீட்டர் சென்று, ஆளுக்கொரு தொலைபேசியை நோக்கி அமர்ந்திருப்பாராயின், அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். வீட்டாரோடு பேசுதற்கு நாளொன்றுக்கு ஒரு வேளை குறித்துக்கொண்டு, ஏனைய பொழுதில் அதனைப் பெட்டியில் வைத்துவிடுக.

முடிவுரை

நான்கையும் ஒருங்கு நோக்குமிடத்து, முதல் முறை மலை காண விரும்புவார்க்கு ஏற்காடும், எளிமையும் நடையும் விரும்பும் இளந் தம்பதியர்க்குக் கொல்லிமலையும், விழாவிற்குமுன் ஓய்வு கொள்ளக்கூடியவர்க்குக் கோடைக்கானலும், விழா நாளிலேயே ஆலயத்தோடு கூடிய அமைதியை நாடுவார்க்குத் தரங்கம்பாடியும் ஏற்றன என்பது எம் துணிபு.

எம் பெற்றோரைச் சென்ற டிசம்பர் 24ஆம் நாட் காலையில் தரங்கம்பாடிக்கே அனுப்பினோம். வண்டியில் ஏறும்வரையில் அன்னையார் அடுக்களைச் சாவியை எம்மிடம் கொடுக்கவில்லை. பாட்டியாருடன் நாங்கள் இருந்தோம். வந்த உறவினர் யாவர்க்கும் பலகாரம் அளித்தோம். முறுக்கு சற்றே கல்லாயிருந்ததென்பது உண்மை. ஆர்மோனியம் எம் கைக்கு வந்தது. இரண்டிடத்திற் சுருதி தவறினோம். அதனால் விழா நின்றுவிடவில்லை. ஆராதனை முடிந்ததும் அத்திருச்சபைப் பெரியவரே எம் தோளைத் தட்டி, "அடுத்த ஆண்டு இன்னும் முன்னதாகவே பழகத் தொடங்கு" என்றார்.

26ஆம் நாள் மாலை அவர்கள் திரும்பினர். கோட்டையைப்பற்றியும் ஆலயத்தைப்பற்றியும் கேட்க நாங்கள் சூழ்ந்துகொண்டோம். தந்தையாரோ, முதல்நாள் இரவு விடுதித் தாழ்வாரத்தில் கடலை நோக்கி அமர்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடியதையே கூறினார். "இத்தனை ஆண்டும் பாடற்குழுவிற்குக் குரல் தேடினேன், உங்கள் அம்மாவுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று எனக்குத் தெரியாது" என்றார். அன்னையார் சாவியை வாங்கிக்கொண்டே, "கேட்பதற்கு உங்களுக்கு நேரம் இருந்ததா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குட் சென்றார்.

இவ்வாண்டு முதல் எங்கள் பாடற்குழுவில் அன்னையாரும் பாடுகின்றார். முறுக்குச் சுடும் வேலையை நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம். தம் பெற்றோர் பேசிக்கொள்ளக் கேட்டு நாளாயிற்று என்று எண்ணும் மாணாக்கர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவர் வரும் ஆகஸ்டுத் திங்களிலேயே ஓர் அறைக்கு எழுதி வைப்பாராக.